அம்பாசிடர் ஏன் கொதிக்கிறது? ரேடியேட்டரில் தொடங்கி பெட்ரோல் லைன் வரை

என் அம்பாசிடர் மார்க் 3-இன் இன்ஜின் பிளாக்கில், பக்கவாட்டில் பின் ஓரமாக ஒரு சின்னப் பித்தளைக் குழாய் உண்டு. உள்ளே இருக்கும் தண்ணீரை வடிப்பதற்காக வைத்தது. வண்டி வாங்கிய புதிதில் அதைத் திறந்தேன். ஒரு சொட்டு வரவில்லை. சைக்கிள் ஸ்போக் கம்பியை உள்ளே விட்டுக் குத்தினேன். முதலில் கம்பி மோதி நின்றது. பத்துப் பதினைந்து குத்துக்கு அப்புறம், செங்கல் பொடியைக் கரைத்தது போல ஒரு குழம்பு மெதுவாக வழிந்தது. நாலாவது சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓட வேண்டிய இடத்தில் பல வருஷத்துத் துருவும் போர் தண்ணீர் உப்பும் சேர்ந்து இறுகிக் கிடந்தன.

அந்த வாரம்தான் புது அலுமினியம் ரேடியேட்டருக்கு ஆர்டர் கொடுக்க இருந்தேன். கொடுத்து மாட்டியிருந்தாலும் வண்டி கொதித்திருக்கும். பழைய காருக்குத் தனியாகச் செய்த கூலிங் சாமான்களையும் பெட்ரோல் சாமான்களையும் மாட்டுகிறவர்களில் பலர் பணம் செலவழித்தும் பலன் காணாமல் போவது இந்த இடத்தில்தான். வண்டி இழந்துவிட்ட திறனை முதலில் மீட்க வேண்டும். அதற்கு மேலும் தேவைப்பட்டால்தான் கூட்ட வேண்டும். கூட்டும்போதும் ஒரு சாமானை மாற்றினால் அது அடுத்த சாமானைக் கேட்கும். அம்பாசிடரில் இந்தச் சங்கிலி தெளிவாகத் தெரியும்.

காரணம், இன்ஜினின் அமைப்பு. அம்பாசிடர் 1950-களின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரீஸ் 3 காரிலிருந்து வந்தது. மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 2014 மே வரை தயாரானது. அதில் நெடுங்காலம் இருந்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பிஎம்சி) பி-சீரீஸ் குடும்பம். எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரில் 1955-இல் வந்த இன்ஜினும் இதே குடும்பம், இதே 1489 சிசிதான். இதில் காற்றும் பெட்ரோலும் உள்ளே போகிற மேனிஃபோல்டும், எரிந்த புகை வெளியே வருகிற மேனிஃபோல்டும் இன்ஜினின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. கொதிக்கும் எக்ஸாஸ்டுக்கு நேர் மேலே, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கிறது. குளிரான இங்கிலாந்தில் இது வசதி. பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகும். சென்னையின் மே மாதத்தில் அதுவே தொல்லை. ரேடியேட்டரின் சூடான காற்றும் ஃபேன் வழியாக அதே பக்கம்தான் அடிக்கிறது. ஆக, இந்த வண்டியில் கூலிங் கோளாறும் பெட்ரோல் கோளாறும் ஒன்றுக்குள் ஒன்று.

முதலில் தண்ணீர். உப்புப் படிவம் வார்ப்பிரும்பைவிடச் சுமார் இருபது மடங்கு மந்தமாகத்தான் வெப்பத்தைக் கடத்தும். ஒரு மில்லிமீட்டர் படிந்தாலே, சிலிண்டர் சுவர் இரண்டு சென்டிமீட்டர் தடித்துப் போனதற்குச் சமம். ரேடியேட்டர் குழாய்களுக்குள்ளும் இதே கதை. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் வண்டியைச் சூடாக்கி, இன்ஜினை நிறுத்தி, ரேடியேட்டரின் முகத்தில் வரிசையாக அளந்து பாருங்கள். சுற்றிலும் சூடாக இருந்து நடுவில் ஒரு பட்டை மட்டும் குளிர்ந்திருந்தால், அந்தக் குழாய்கள் அடைத்துவிட்டன என்று அர்த்தம். கீழ் ஹோஸையும் கவனியுங்கள். ஆக்சிலரேட்டரைக் கொடுக்கும்போது அது உள்ளே ஒடுங்கிச் சப்பையானால், பம்ப் உறிஞ்சுகிற வேகத்துக்குத் தண்ணீர் இறங்கவில்லை, அல்லது ஹோஸ் நைந்துவிட்டது.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டைச் சுற்றி அலைந்து, கடைசியில் ஒரு பழைய ரேடியேட்டர் பட்டறைக்கு என்னுடையதைக் கொண்டுபோனேன். மேல் தொட்டியின் ஈயத்தை உருக்கிக் கழற்றி, ஒவ்வொரு குழாயிலும் தட்டைக் கம்பியை விட்டு இழுத்தார்கள். திரும்பப் பற்றவைத்த பிறகு வாய்களை ரப்பரால் அடைத்து, தொட்டித் தண்ணீரில் முக்கி, உள்ளே காற்று கொடுத்தார்கள். "குமிழி எங்க வருதுன்னு மட்டும் பாருங்க தம்பி" என்றார் பெரியவர். இரண்டு இடத்தில் ஊசிமுனை அளவுக் குமிழிகள் ஒரே நூலில் கோத்தது போல எழும்பின. அங்கே சாக்பீஸால் குறித்து, தூக்கி, துடைத்து, ஈயம் வைத்தார். மறுபடி முக்கினார், தண்ணீர் அசையவில்லை. புது ரேடியேட்டர் விலையில் கால்வாசிகூட ஆகவில்லை.

தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கிற வால்வு விஷயத்தில் எனக்கும் பல மெக்கானிக்குகளுக்கும் ஒத்துப் போவதில்லை. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?" என்று கழற்றி வீசிவிடுவது இங்கே பல காலப் பழக்கம். தெர்மோஸ்டாட் மாட்டிக்கொண்டு திறக்காமல் போனால் வண்டி கொதிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது இல்லாத வண்டியில் காலையில் இன்ஜின் சூடாக வெகு நேரம் பிடிக்கிறது; எரியாத பெட்ரோல் ஆயிலில் கலக்கிறது; சிலிண்டர் தேய்கிறது. அதோடு, தெர்மோஸ்டாட் தரும் சின்னத் தடையால்தான் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்குள் தண்ணீரின் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தம் குறைந்தால் எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றி நீராவிக் குமிழிகள் உருவாகும். குமிழி இருக்கிற இடத்தில் உலோகத்தின் சூடு தண்ணீருக்கு இறங்காது. வெப்ப நாடுகளுக்கென்றே 74 டிகிரியில் திறக்கிற தெர்மோஸ்டாட்டும், சாதாரணப் பயன்பாட்டுக்கு 82 டிகிரி வகையும் இந்த இன்ஜினுக்கு வந்தன. 74 டிகிரி ஒன்றை வாங்கி, மாட்டுவதற்கு முன் சமையலறைப் பாத்திரத்தில் தண்ணீர் சூடாக்கி, தெர்மாமீட்டரோடு தொங்கவிட்டுப் பாருங்கள். எப்போது திறக்கிறது, எவ்வளவு திறக்கிறது என்று கண்ணாலேயே தெரிந்துவிடும்.

ரேடியேட்டர் மூடிக்கும் இதே மரியாதை வேண்டும். உள்ளே ஒரு பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு) அழுத்தம் கூடினால் கொதிநிலை சுமார் ஒன்றரை டிகிரி ஏறும். 7 பிஎஸ்ஐ மூடியில் வெறும் தண்ணீரே ஏறத்தாழ 111 டிகிரி வரை தாங்கும். 15 பிஎஸ்ஐ என்றால் 121. இதைக் கேட்டதும் சிலர் புதுக் கார் மூடியைத் தேடிப்பிடித்து மாட்டிவிடுகிறார்கள். ஈயத்தில் பற்றவைத்த பழைய தொட்டியும், இன்ஜின் பிளாக்கின் ஓட்டைகளை அடைக்கிற நாற்பது வருஷத்து கோர் பிளக்குகளும் அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. 4 இருந்தால் 7-க்குப் போகலாம், அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கணக்கு. வழிகிற கூலன்ட்டைப் பிடித்துத் திரும்பக் கொடுக்கிற பாட்டில் ஒன்று கூடுதலாக வைக்கலாம். ஆனால் பழைய மூடியில் கீழ் ரப்பர் மட்டும்தான் இருக்கும். மேலேயும் ஒரு ரப்பர் உள்ள மூடி போட்டால்தான் இன்ஜின் ஆறும்போது பாட்டிலிலிருந்து கூலன்ட் திரும்பி வரும். இல்லாவிட்டால் வெளிக்காற்றைத்தான் இழுக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் சூடு அடங்கவில்லை, அல்லது ஏசி போடப் போகிறீர்கள் என்றால், சரி, தனியாகச் செய்த ரேடியேட்டரைப் பற்றிப் பேசலாம். இரண்டு வழி இருக்கிறது. பழைய தொட்டிகளை வைத்துக்கொண்டு புதுச் செம்புக் கோர் (குழாய்களும் துடுப்புகளும் சேர்ந்த நடுப்பகுதி) போடுவது ஒன்று. முழு அலுமினியத்தில் அளவுக்குச் செய்வது இன்னொன்று. வெப்பத்தைக் கடத்துவதில் செம்பு அலுமினியத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலே. பிறகு ஏன் எல்லோரும் அலுமினியத்துக்குப் போகிறார்கள்? பழைய ரேடியேட்டரில் குழாய்க்கும் துடுப்புக்கும் நடுவே ஈயம் இருக்கிறது. அது சூட்டைத் தடுக்கிறது. செம்பு ரகக் குழாய் மென்மையானது என்பதால் குழாயை அகலமாகச் செய்தால் உப்பிவிடும்; அரை அங்குலக் குழாய்களை மூன்று நான்கு வரிசையாக அடுக்குகிறார்கள். பின் வரிசைக்கு வருவது முன் வரிசையில் ஏற்கெனவே சூடான காற்று. அலுமினியத்தில் ஒரு அங்குலக் குழாய்களை இரண்டே வரிசையில் வைத்துத் துடுப்போடு நேரடியாக இணைக்க முடிகிறது. அதனால், "நாலு வரிசை போட்டுடலாம் சார்" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். தடித்த கோருக்குள் காற்றைத் தள்ள வலுவான ஃபேன் வேண்டும். சிக்னலில் நிற்கும்போது அம்பாசிடரிடம் இல்லாதது அதுதான்.

அலுமினியம் போட்டால் இரண்டு விஷயத்தில் அசட்டையாக இருக்க முடியாது. ஒன்று, கூலன்ட். வார்ப்பிரும்பு பிளாக்கும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் இருந்தால், எளிதில் வினைபுரியும் அலுமினியம்தான் அரிக்கப்படும். போர் தண்ணீர் ஊற்றவே கூடாது. அரிப்பைத் தடுக்கும் மருந்து கலந்த கூலன்ட், அதுவும் கனிம நீக்கிய தண்ணீரில் கலந்தது வேண்டும். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் மறு முனையை, ரேடியேட்டரில் படாமல், கூலன்ட்டுக்குள்ளும் வைத்துப் பாருங்கள். எல்லா மின்சாமானும் ஓடும்போது 0.3 வோல்ட்டைத் தாண்டினால் எங்கோ எர்த் சரியில்லை. கூலன்ட் வழியாக ஓடும் அந்த மின்சாரம் ரேடியேட்டரைச் சில மாதங்களில் ஓட்டை போட்டுவிடும். இரண்டு, பொருத்துவது. நம் சாலைப் பள்ளத்தில் வண்டியின் முன்பக்கம் லேசாக முறுகும். செம்பு வளைந்து கொடுக்கும், அலுமினியம் விரிசல் விடும். எல்லாத் துளையிலும் ரப்பர் புஷ் வைத்து, இறுக்கிப் பிடிக்காமல் மிதக்கவிட வேண்டும்.

இப்போது ஃபேன். அம்பாசிடரின் மூல ஃபேன் வாட்டர் பம்ப்போடு பெல்ட்டில் சுற்றுகிறது. இன்ஜின் மெதுவாக ஓடினால் ஃபேனும் மெதுவாகத்தான் ஓடும். காற்று அதிகம் தேவைப்படும் நெரிசலில்தான் அது குறைவாகக் கிடைக்கும். இதற்கு மலிவான மருந்து, ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவே ஒரு தகரக் கூடு. ஃபேன் இலை பாதி கூட்டுக்குள்ளும் பாதி வெளியிலும் இருக்கும்படி டிங்கரிடம் வளைத்து வாங்கினால், முன்பு ஃபேனுக்கு நேரே உள்ள வட்டத்தில் மட்டும் போன காற்று கோர் முழுக்கப் போகும். நான் மாட்டியதிலேயே செலவுக்குப் பார்த்தால் அதிகப் பலன் தந்தது இந்தத் தகரம்தான்.

மின்சார ஃபேன் போடுகிறவர்கள் தடுக்கி விழுகிற இடம் வேறு. அது 10 முதல் 15 ஆம்பியர் வரை குடிக்கும். கிளம்பும் நொடியில் இன்னும் அதிகம். பழைய டைனமோ முழு வேகத்தில் தருவதே சுமார் 20 ஆம்பியர். ஐடிலில் கிட்டத்தட்ட ஒன்றும் தராது. சிக்னலில் ஃபேன், ஹெட்லைட், வைப்பர் மூன்றும் ஓடினால் எல்லாம் பேட்டரியிலிருந்துதான் போகும். ஒரு மழை நாள் மாலை என் வண்டி அண்ணா சாலையில் அப்படித்தான் நின்றது: ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, இக்னிஷனுக்கு மின்சாரம் போதவில்லை. ஃபேன் வேண்டுமானால் முதலில், டைனமோவுக்குப் பதிலாக, ஐடிலிலும் மின்சாரம் தருகிற ஆல்டர்னேட்டர் வேண்டும். ஆல்டர்னேட்டர் வேண்டுமானால் வயரிங்கைப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வழி வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் எர்த். அதைக் கவனிக்காமல் ஆல்டர்னேட்டரை இணைத்தால் உள்ளே இருக்கும் டயோடுகள் அந்த நொடியே போய்விடும். அப்புறம் ரிலே, தனி ஃபியூஸ், தடித்த வயர். ஃபேனை ரேடியேட்டரின் இன்ஜின் பக்கத்தில், கோர் வழியாகக் காற்றை இழுக்கும்படி வையுங்கள். கோருக்குள் பிளாஸ்டிக் டேக் குத்திக் கட்டாதீர்கள், ஆட்டத்தில் குழாயை அறுத்துவிடும்.

இனி பெட்ரோல். மலைப்பாதையில் பழைய அம்பாசிடரோ ஃபியட்டோ நின்றுபோனால் டிரைவர் செய்கிற வைத்தியத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள்: ஈரத் துணியை பெட்ரோல் பம்ப் மேல் சுற்றிவிட்டு, பத்து நிமிஷம் டீ குடிப்பார். 'ஏர் லாக்' என்று பெயர் சொன்னாலும் உள்ளே இருப்பது காற்று இல்லை, பெட்ரோல் ஆவி. பெட்ரோல் பல பொருள்களின் கலவை. அதில் லேசானவை 35, 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கும். இன்ஜினின் பக்கத்தில் இருக்கிற பம்ப் பின்னால் உள்ள டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுக்கிறது. உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் இன்னும் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். உயரமான இடத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவு. தண்ணீரே ஊட்டியில் 93 டிகிரிக்குள் கொதித்துவிடும். பம்ப் ஆவியை அமுக்கிக்கொண்டிருக்கும், கார்புரேட்டருக்கு ஒன்றும் போகாது.

இதற்கு மேல் எத்தனால் வந்து சேர்ந்தது. 2022 ஜூனில் இந்தியப் பெட்ரோலில் 10 சதவீதக் கலப்பு எட்டப்பட்டது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலப்பு சில பங்க்குகளில் அறிமுகமானது. 2025-க்குள் அதுவே நாடு முழுக்கப் பொதுப் பெட்ரோல் ஆகிவிட்டது. பழைய வண்டிக்கு இதில் மூன்று தனித்தனிச் சிக்கல்கள் இருக்கின்றன.

உடனே தெரிவது ரப்பர். பழைய ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், கார்க் கேஸ்கட் ஆகியவை ஊதிப் போகும், அல்லது விறைத்து விரிசல் விடும். என் வண்டியின் ஹோஸை மடக்கியபோது வெளியே நன்றாக இருந்தது. கத்தியால் நீளவாக்கில் பிளந்தால் உள்ளே கரிப் பசை விரலில் ஒட்டியது. அந்தத் துகள்கள்தான் மாதக்கணக்காக கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற சின்னத் துளையான ஜெட்டை அடைத்துக்கொண்டிருந்திருக்கின்றன. உள்பூச்சு விட்டான் வகை ரப்பராக இருக்கிற, எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று மேலேயே அச்சிட்ட ஹோஸை வாங்குங்கள். எழுத்து இல்லாத கறுப்பு ட்யூபை, கடைக்காரர் எவ்வளவு சத்தியம் செய்தாலும், பெட்ரோல் லைனில் போடாதீர்கள். எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஃபில்டரும் வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் தவறினால் வண்டி நிற்பதோடு போகாது, எரியும்.

இரண்டாவது தண்ணீர். எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். மாதத்துக்கு ஒருமுறை வெளியே வருகிற வண்டி, சென்னை ஈரப்பதம், காற்று புகுகிற பழைய டேங்க் மூடி, மூன்றும் சேர்ந்தால் அடியில் துரு நிச்சயம். எத்தனால் பழைய டேங்க் படிவத்தையும் கரைத்துக்கொண்டு வரும் என்பதால், மாறிய புதிதில் ஃபில்டரை இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டியிருக்கும். டேங்க்குக்கு உள்பூச்சு கொடுப்பதானால் எத்தனால் தாங்கும் என்று தெளிவாகச் சொல்லும் பூச்சு மட்டுமே. மற்றவை ஒரு வருஷத்தில் வாழைப்பட்டை போல உரிந்து உறிஞ்சு குழாயை அடைக்கும்.

மூன்றாவது கலவை. வெறும் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். 20 சதவீதக் கலப்புக்கு அது சுமார் 13.5 ஆகிறது. அதாவது, அதே காற்றுக்கு எட்டு ஒன்பது சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். புதுக் காரில் கம்ப்யூட்டர் சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அது தெரியாது. கலவை மெலிந்து, வண்டி இழுக்கும்போது திணறும், எக்ஸாஸ்ட் சூடு ஏறும். அந்தச் சூடு மேலே இருக்கிற கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் போகும். கூலிங்கும் பெட்ரோலும் மறுபடி கைகோக்கிற இடம் இது.

அம்பாசிடர்களில் எஸ்யூ கார்புரேட்டரும் உண்டு, சோலெக்ஸ் கார்புரேட்டரும் உண்டு. எஸ்யூவில் ஊசியை மாற்ற வேண்டும். என் வண்டியில் இருப்பது சோலெக்ஸ். அதில் கணக்கு எளிது. ஜெட்டில் குத்தியிருக்கும் எண், துளையின் விட்டத்தை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கில் சொல்கிறது; 110 என்றால் 1.10 மில்லிமீட்டர். 115 போட்டால் விட்டம் ஐந்து சதவீதத்துக்குள்தான் கூடுகிறது, ஆனால் துளையின் பரப்பு ஒன்பது சதவீதம் கூடுகிறது. ஆக, ஒரே படி ஏற்றினால் போதும். துளையை ஊசியால் குடைந்து பெரிதாக்குகிறவர்கள் இருக்கிறார்கள்; ஓரம் சீராக இராது, திரும்பவும் வர முடியாது. இக்னிஷன் டைமிங்கையும் அதோடு பாருங்கள். டைமிங் பின்தங்கி இருந்தால், அந்த ஒரு காரணத்தாலேயே வண்டி கொதிப்பதுண்டு. அதற்கு ரேடியேட்டரைத் திட்டிப் பயன் இல்லை.

ஏர் லாக்குக்கு நிரந்தர வழி, உறிஞ்சுவதை விட்டுத் தள்ளுவது. டேங்க்குப் பக்கத்தில், அதன் அடிமட்டத்துக்குச் சமமாக, ஒரு மின்சாரப் பம்ப். இதில் அழுத்தம்தான் முக்கியம். கார்புரேட்டர் நிரம்பியதும் பெட்ரோல் வரத்தை அடைக்கிற மிதவை ஊசி தாங்குவது 3 பிஎஸ்ஐ அளவு. இன்ஜெக்‌ஷன் கார் பம்ப்புகள் 40-க்கும் மேல் தரும். சென்னையின் பழைய கார் சாமான் சந்தையான புதுப்பேட்டையில் மலிவாகக் கிடைத்தது என்று அதை மாட்டினால் பெட்ரோல் ஊசியைத் தள்ளிக்கொண்டு, சூடான எக்ஸாஸ்ட் மேலேயே வழியும். குறைந்த அழுத்தப் பம்ப், அதற்கு ஒரு ரெகுலேட்டர், அதோடு மோதினால் தானே மின்சாரத்தை வெட்டுகிற இனெர்ஷியா ஸ்விட்ச். இந்த ஸ்விட்ச் இல்லாமல் மின்சாரப் பம்ப் போடக் கூடாது. பழைய பம்ப் இன்ஜின் நின்றால் தானே நின்றுவிடும். இது சாவி இருக்கிறவரை விபத்துக்குப் பிறகும் ஊற்றிக்கொண்டிருக்கும்.

கார்புரேட்டருக்குக் கீழே எட்டு மில்லிமீட்டர் பேக்கலைட் தட்டு, எக்ஸாஸ்டுக்கும் அதற்கும் நடுவே அலுமினியத் தகடு, ஒரு மில்லிமீட்டர் துளை உள்ள ரிட்டர்ன் லைன்: இந்த மூன்றும் லேத் பட்டறையிலேயே செய்யக்கூடியவை. ரிட்டர்ன் லைன் இருந்தால் பெட்ரோல் ஓரிடத்தில் நின்று சூடாகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும், உருவான ஆவியும் டேங்க்குக்குத் திரும்பிவிடும். தட்டு போட்டதும் கார்புரேட்டர் உயரும். பானெட் இடிக்கிறதா, ஆக்சிலரேட்டர் கம்பி முழுதாகத் திரும்புகிறதா என்று கையால் அசைத்துப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

சட்டமும் இதில் குறுக்கே வருகிறது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்தபடி, ஐம்பது வருஷம் தாண்டிய, வணிகத்துக்கு ஓடாத வண்டியை 'விஏ' எழுத்துகளோடு விண்டேஜாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. என் வண்டி அந்த ஐம்பதைத் தொடப் போகிறது. அதனால் பாடியில் ஒரு புதுத் துளைகூடப் போடவில்லை. ரேடியேட்டர் தாங்கி, பம்ப் தாங்கி, ரிலேப் பெட்டி எல்லாம் பழைய போல்ட் துளைகளிலேயே உட்காருகின்றன. டைனமோ, மூல ஃபேன், பழைய பம்ப், 110 ஜெட் நான்கும் எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி, எந்த போல்ட் எதற்கு என்று சீட்டுக் கட்டிப் பரணில் இருக்கின்றன.

போன மே மாதம் சேலத்திலிருந்து ஏற்காடு ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவு, நாலு பேர், மதியம் இரண்டு மணி. பழுது பார்த்த அதே செம்பு ரேடியேட்டர், தகரக் கூடு, 74 டிகிரி தெர்மோஸ்டாட், பின்னால் புதுப் பம்ப். பதினேழாவது வளைவில் வெப்பநிலை முள் 92-க்குப் போனது. மேலே ஏரிக்கரையில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து, கார்புரேட்டரின் மிதவை அறை மேல் கையை வைத்தேன். எடுக்காமல் வைத்திருக்க முடிந்தது. அலுமினியம் ரேடியேட்டரை இன்னும் வாங்கவில்லை.